விண் கூவும் ஊர்

இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் எங்கோ ஜெனரேட்டர் ஓடுகிறது என்று முதலில் நினைத்தேன். ஆனால் ஜெனரேட்டர் இப்படி மூச்சு வாங்காது. சத்தம் மெல்ல உயர்ந்து, இழைந்து, ஒரு கணம் அடங்கி, மறுபடியும் எழுந்தது. கூர்ந்து கேட்டால் நான்கைந்து குரல்கள். ஒன்று தடித்தது, ஒன்று கீச்சென்றது. கிணற்றடிக்கு வந்து அண்ணாந்து பார்த்தேன். தென்னை உச்சிகளுக்கும் மேலே, இருட்டில், சிவப்பும் பச்சையுமாகச் சிறு விளக்குகள் ஆடிக்கொண்டிருந்தன.

காலையில் தேநீர் கொடுக்கும்போது மாமியிடம் சொன்னேன். சிரித்துவிட்டார். பட்டத்தை ஏற்றி மரத்தில் கட்டிவிட்டால் காற்று இருக்கும்வரை இரவெல்லாம் அது வானத்திலேயே நிற்குமாம். நான் கேட்டது அதன் தலையில் பூட்டிய ‘விண்’ என்ற வில்லின் சத்தமாம். "விண் கூவினால்தான் எங்களுக்கு நித்திரை வரும். சத்தம் நின்றால் எழும்பிவிடுவோம்" என்றார்.

இலங்கையின் வடகரையில் இருக்கும் வல்வெட்டித்துறைக்கு நான் போனது பட்டத்துக்காகத்தான். இந்த ஊரின் பெயரைச் சொன்னால் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் பிரபாகரன் என்ற ஒரே ஒரு பெயர்தான் நினைவுக்கு வரும். நண்பர்களிடம் ஒவ்வொரு முறையும் பொங்கல், பட்டம், கடற்கரை என்று விளக்க வேண்டியிருந்தது. சென்னையிலிருந்து பலாலிக்குச் சிறிய விமானம். ஏறி, பழச்சாறு குடித்து முடிப்பதற்குள் பனைமரங்கள் தெரிந்துவிடுகின்றன. அங்கிருந்து யாழ்ப்பாணம் போய், வல்வெட்டித்துறை வழியாகப் பருத்தித்துறை செல்லும் பஸ்ஸைப் பிடித்தேன். தொண்டைமானாற்றுப் பாலம் தாண்டியதும் கடல் கூடவே வரத் தொடங்கியது. என்னுடன் வேலை பார்க்கும் நண்பருடைய தாய்மாமன் வீட்டில் தங்கல். நண்பர் அவரை மாமா என்பதால் எனக்கும் அவர் மாமா, அவர் மனைவி மாமி. அதற்கு மேல் அறிமுகம் தேவைப்படவில்லை.

நான் வடசென்னைக்காரன். எங்களுக்கு அது காற்றாடி. வஜ்ஜிரப் பசை காய்ச்சி, கண்ணாடித் தூள் கலந்து, நூலில் ஏற்றிக் காயவைத்த மாஞ்சாவால் விரலை அறுத்துக்கொண்டு வளர்ந்தவன். எங்களுக்குக் காற்றாடி விடுவது என்றால் அடுத்தவன் காற்றாடியை அறுப்பது. அதற்கு ‘டீல்’ என்று பெயர். அந்த நூல் சாலையில் போகிறவர்களின் கழுத்தையும் அறுத்தது, குழந்தைகள் செத்தார்கள், போலீஸ் தடை போட்டது. தடை சரிதான். ஆனாலும் மொட்டைமாடியில் நின்ற அந்தப் பிள்ளைப் பருவத்தைப் பற்றி இன்றும் ஒரு குற்ற உணர்ச்சியோடுதான் பேச வேண்டியிருக்கிறது. அதனால் மாமா வீட்டு முற்றத்தில் என் வீரத்தை அவிழ்த்துவிட்டபோது, அங்கிருந்த பையன்கள் கேட்ட கேள்வி உறைத்தது. "அறுத்தால் அவருடைய பட்டம் போய்விடுமே. பிறகு என்ன விளையாட்டு?"

பொங்கலுக்கு முதல்நாள் அந்த முற்றத்தில் ஏழெட்டுப் பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். மூங்கிலைப் பிளந்து சீவி, விரலில் வைத்து நிறை பார்த்து, நூலால் கட்டிய எலும்புக்கூடு தயாராக நின்றது. ஆளுயரத்துக்கும் மேல். மாமி கோதுமை மாவில் பசை காய்ச்சிக் கொண்டுவந்தார். ஒரு பெண்பிள்ளை வண்ணத் தாளை ஓரம் மடித்து ஒட்டினாள். வாலுக்கு ஒரு பழைய சேலையை நீளவாக்கில் கிழித்தார்கள். அது யாருடைய கல்யாணத்துக்கு வாங்கிய சேலை என்பதில் மாமிக்கும் அவருடைய தங்கைக்கும் கொஞ்சநேரம் வாக்குவாதம் நடந்தது. கொக்குப் பட்டம், பாம்புப் பட்டம், பிராந்து, எட்டுமூலை என்று வகைகளை எனக்கு ஒப்பித்தார்கள். பிராந்து என்றால் பருந்து.

விண் கட்டும் வேலை மாமாவுடையது. வில்லாக வளைத்த ஒரு மூங்கில் சிலாகை, அதன் இரு நுனிகளுக்கும் குறுக்கே இழுத்துக் கட்டிய மெல்லிய நாடா. முன்பு பனையிலிருந்து நார் எடுத்துச் சீவிப் பூட்டுவார்களாம். இப்போது பார்சல் கட்டும் பிளாஸ்டிக் நாடா. அதைப் பட்டத்தின் தலையில் பூட்டிவிட்டால், காற்று பட்டு நாடா அதிர்ந்து கூவும். மாமா நாடாவைக் கட்டினார், வில்லைக் கையில் பிடித்துக் காற்றில் ஒரு வீசு வீசினார், காது கொடுத்தார், அவிழ்த்தார். பிளேடால் நாடாவின் ஓரத்தை மயிரிழை அளவுக்குச் சீவினார். மறுபடி கட்டி வீசினார். இப்படி அரைமணி நேரம். வீணைக்கு மெட்டுகளைப் பதித்து மேளம் கட்டுகிறவர் முகத்தில் பார்க்கும் அதே சிடுசிடுப்பு அவர் முகத்தில் இருந்தது. குறுக்கே பேசிய ஒரு பையனுக்குத் திட்டு விழுந்தது. கடைசியில் ஒரு வீச்சில் நாடா அடிவயிற்றிலிருந்து உறுமியது. மாமா ஒன்றும் சொல்லாமல் வில்லைக் கீழே வைத்துவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார்.

அடுத்தது முச்சை. பட்டத்தின் மேலே இரண்டு, கீழே ஒன்று என்று மூன்று நூல்கள் வந்து சேரும் கட்டுக்கு அந்தப் பெயர். அந்த முடிச்சு ஒரு விரற்கடை மேலே போனால் பட்டம் காற்றில் படுத்துக்கொள்ளும். ஒரு விரற்கடை கீழே இறங்கினால் காற்றை முழுவதுமாக வாங்கி இழுக்குமே தவிர ஏறாது. நூல் தெரியும், காற்று தெரியும் என்று நான் போய்க் கை வைத்தேன். நான் கட்டிய முச்சையோடு ஒழுங்கை என்கிற சந்தில் ஏற்றிப் பார்த்தபோது பட்டம் இரண்டு தரம் கரணம் அடித்து வேலியில் விழுந்தது. பத்து வயதுப் பையன் ஒருவன் மரியாதையாக அதை அவிழ்த்துக் கட்டினான்.

பொங்கல் காலையில் முற்றத்தை மெழுகி, உலக்கையை வைத்து அரிசி மாவால் சதுரமாகக் கோலம் போட்டார்கள். பொங்கலில் வறுத்த பயறு போடுகிறார்கள், நம் பக்கத்துப் பொங்கலைவிட எனக்கு அது பிடித்துவிட்டது. பால் பொங்கி வழிந்ததும் வெடி. நமக்குத் தீபாவளிக்கு வெடி என்றால் இவர்களுக்குப் பொங்கலுக்கு. நான் எதிர்பார்க்காததால் துள்ளிவிட்டேன். அதை அன்று முழுவதும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். முத்துமாரியம்மன் கோயிலில் மேளம் கேட்டது. யாழ்ப்பாணத்தில் தவிலுக்குக் குறை சொல்ல முடியாது. தட்சிணாமூர்த்தி பிறந்த மண் இது. அவருடைய தவிலைக் கேட்டுத் தமிழ்நாட்டு வித்துவான்களே வாய் பிளந்தார்கள் என்பதைத் தஞ்சாவூரில் பல பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இந்தக் கோயிலுக்கு வருவதென்றால் சித்திரைப் பௌர்ணமிக்கு வரவேண்டும், அன்று இந்திர விழாவில் ஊரே விடிய விடிய விழித்திருக்கும் என்றார் மாமி. பட்டம் ஆண்பிள்ளைகளின் கொண்டாட்டம், இந்திர விழாதான் எல்லோருக்கும் என்பது அவருடைய கட்சி.

பிற்பகலில் கடற்கரைக்கு நடந்தோம். ஒழுங்கைக்கு ஒரு சனசமூக நிலையம், இல்லாவிட்டால் ஒரு விளையாட்டுக் கழகம். ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு பட்டம் சாய்ந்து நின்றது. தெற்கிலிருந்து பஸ் பிடித்து வந்த சிங்களக் குடும்பங்கள், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து தமிழும் ஆங்கிலமுமாகப் பேசும் பிள்ளைகள், தலைக்கு மேலே குழந்தையைத் தூக்கிவைத்த அப்பாக்கள். வழியில் ஒரு வீட்டு வாசலில் இருந்த முதியவர் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். இந்தியா என்றேன். சற்று நேரம் என்னையே பார்த்தார். 1989 ஆகஸ்டில் இந்திய அமைதிப்படையினர் இந்த ஊரில் பொதுமக்களைச் சுட்டுக் கொன்றதை நான் படித்திருந்தேன். அவர் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. எனக்கும் நாக்கு எழவில்லை. "வெயில். கொஞ்சம் இருந்துவிட்டுப் போங்கோ" என்று நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

உதயசூரியன் கடற்கரையில் நான் செய்த முதல் தவறு கடலைப் பார்த்து நின்றதுதான். இது வாடைக்காற்றுக் காலம். காற்று கடலிலிருந்து கரைக்கு வருகிறது. எனவே பட்டம் ஏற்றுகிறவர்கள் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்கள். பட்டங்கள் ஊருக்கு மேலே, வீட்டுக் கூரைகளுக்கும் பனைகளுக்கும் மேலே போகின்றன. ஊர் தன்னுடைய கைவேலையைத் தன் தலைக்கு மேலேயே ஏற்றிப் பார்த்துக்கொள்கிறது.

ஒலிபெருக்கியில் பெயர் அழைத்ததும் ஒரு குழு முன்னே வரும். நால்வர் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஓட, மற்றவர்கள் கயிற்றைப் பிடித்து இழுக்க, "விடு, விடு" என்று ஒரு கூச்சல். ஏறினால் கைதட்டல், விழுந்தால் அதைவிடப் பெரிய கைதட்டல். தட்டைப் பட்டங்களோடு, முழு உருவமாகக் கட்டியவையும் வந்தன. ஒரு பறவை மேலே போய்ச் சிறகடித்தது. ஒரு பாய்க்கப்பல் ஏறியபோது என் பக்கத்தில் நின்ற மாமா என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அதற்குக் காரணம் உண்டு. இது கப்பல் கட்டிய ஊர். இங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்மரக் கப்பலை ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். இவ்வூர் மாலுமிகளே அதைச் செலுத்திக்கொண்டு போய் 1938இல் அமெரிக்காவின் கிளௌஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். பலகையை வளைப்பதும் மூங்கிலை வளைப்பதும், பாய் கட்டுவதும் தாள் ஒட்டுவதும் இந்த ஊரில் ஒரே வித்தையின் இரண்டு முகங்கள் என்று எனக்குத் தோன்றியது. முடிச்சுகளைப் பாருங்கள், அவ்வளவும் கடலில் பிறந்தவை. சிறுவர்கள் பட்டத்துக்குக் கட்டும் தங்கூசி நூலே மீன்பிடிக்கிற நூல்தான்.

விளையாட்டும் இங்கே கடலிலிருந்துதான் வருகிறது. 1954இல் நவரத்தினசாமி இந்தக் கரையிலிருந்து நீந்திக் கோடியக்கரையில் போய் ஏறினார். பாக்கு நீரிணையை முதலில் நீந்திக் கடந்தவர் அவர்தான். 1971இல் இவ்வூர்க்காரரான குமார் ஆனந்தன் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திப் போனதோடு நில்லாமல், 51 மணி நேரத்தில் திரும்பியும் நீந்தி வந்தார். 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிர்விட்டார். ஊரார் அவரை ஆழிக்குமரன் என்கிறார்கள். அவர் பெயரைச் சொல்லும்போது மாமாவின் குரலில் உறவுக்காரரைப் பற்றிப் பேசுகிற தொனி இருந்தது. கோடியக்கரை எங்கே இருக்கிறது என்று நான் கேட்க, அவர் யோசிக்காமல் கையை நீட்டிக் காட்டினார். எங்கள் தெருவில் நின்று வடக்கு எது என்று கேட்டால்கூட எனக்குச் சொல்லத் தெரியாது.

எங்கள் பட்டம் ஏழாவதோ எட்டாவதோ. பரிசு கிடைக்கவில்லை, அதை எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் விண் மற்றவற்றையெல்லாம் அமுக்கிக்கொண்டு கூவியது, அதை நடுவர்கள் கவனித்தார்களோ இல்லையோ, பெண்கள் பக்கத்தில் நின்ற மாமி கவனித்தார். கயிற்றை எனக்கும் கொடுத்தார்கள். கையில் துணி சுற்றிக்கொள்ளச் சொன்னதை நான் கேட்கவில்லை. ஒரே இழுப்பில் இரண்டு உள்ளங்கைகளிலும் தோல் வழன்றுவிட்டது. 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கம் பெரிய பட்டமொன்றின் கயிற்றை விடாமல் பிடித்த இளைஞர் வானத்தில் தொங்கிய வீடியோவை நீங்கள் பார்த்திருக்கலாம். அவர் உயிர் தப்பிவிட்டார். அந்த வீடியோவைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். இனிச் சிரிக்க மாட்டேன்.

இருட்டியதும் மேடையில் இசை நிகழ்ச்சி. பெரும்பாலும் சென்னைத் திரைப்பாட்டுகள். அவற்றை விட்டு ஓடி வந்தவனுக்கு அவை இங்கேயும் வந்து நின்றதில் கொஞ்சம் ஏமாற்றம்தான், ஆனால் சுற்றிலும் ஒருவர் விடாமல் கூடவே பாடினார்கள். நான் பருத்தித்துறை வடையைக் கடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தேன். தட்டையாக, மொறுமொறுவென்று, வயிற்றைக் கலக்கும் உறைப்பு. மேலே விளக்குப் பூட்டிய பட்டங்கள். பாட்டு நிற்கும் இடைவெளிகளில் மட்டும் விண்களின் சத்தம் இறங்கி வந்தது.

அன்று இரவு நான் மறுபடியும் விழித்தேன். இம்முறை சத்தம் நின்றதால். வெளியே வந்தால் மாமாவும் கிணற்றடியில் நின்றார், மாமியும் திண்ணையில். எங்கள் பட்டத்தின் கயிறு தென்னையில் தொய்ந்து தொங்கியது. அறுந்துவிட்டது. யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. "தெற்கே போயிருக்கும்" என்று மாமா படுக்கப் போய்விட்டார்.

காலை எட்டு மணிக்குத் தொலைபேசி வந்தது. பட்டத்தின் முதுகில் சனசமூக நிலையத்தின் பெயரை எழுதியிருந்தார்கள். உடுப்பிட்டியில் ஒரு பனையில் சிக்கியிருக்கிறதாம், வால் கிழிந்துவிட்டது, விண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாமா சைக்கிளை எடுத்தார். என் உள்ளங்கைக் கட்டைப் பார்த்துவிட்டு, பின்னால் ஏறிக்கொள்ளச் சொன்னார்.