காலி: 0

மூன்று நர்ஸ் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையம் 24 மணி நேரமும் ஓடும் என்பது கணக்கு. வாரத்துக்கு 21 ஷிப்ட். ஆளுக்கு ஒரு நாள் வார விடுப்பு போனால் மூன்று பேருக்கும் சேர்த்து 18தான் வரும். மிச்சம் மூன்றை யார் பார்ப்பது என்று சேர்ந்த முதல் மாதமே கேட்டேன். "அட்ஜஸ்ட் பண்ணிக்க வேண்டியதுதாம்மா" என்றார் சீனியர் அக்கா. பதினோரு வருஷம் அப்படித்தான் ஓட்டினோம். ஒருத்தி பிரசவ விடுப்பில் போனால் அந்தக் கணக்கும் போச்சு.

டாக்டர் இல்லையென்றால் ஊருக்கே தெரிந்துவிடும், பேப்பரில்கூட வரும். பார்மசிஸ்ட் இல்லை, எழுத ஆள் இல்லை என்றால் வெளியே தெரியாது. அந்த வேலை எப்படியோ நடந்துவிடுகிறதே!

எங்கள் நிலையத்துக்குக் கிளார்க் என்று ஒருவர் கிடையாது. அவர் வட்டார நிலையத்தில் இருப்பார். அங்கிருந்து படிவம் மட்டும் வரும். செவ்வாய் கர்ப்பிணிகள், புதன் தடுப்பூசி, மற்ற நாட்களில் சுகர், பிரஷர். எல்லாவற்றுக்கும் ஒரு ரிஜிஸ்டர், ஒரு மாதாந்திர அறிக்கை.

ஒரு நாள் நைட் டூட்டி. நானும் ஆயாம்மாவும் மட்டும். இரண்டாவது பிரசவம், சிக்கலில்லாமல் இரண்டரை மணிக்குப் பெண் குழந்தை. அதற்கப்புறம்தான் பயம். ரத்தப்போக்கு வந்தால் பெரும்பாலும் அந்த முதல் இரண்டு மணி நேரத்தில்தான் வரும்; கால் மணிக்கு ஒருதரம் வயிற்றில் கை வைத்து கர்ப்பப்பை கல் மாதிரி இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கேஸ் ஷீட், பிரசவ ரிஜிஸ்டர், குழந்தைக்கான பதிவு எல்லாம் எழுத வேண்டியதும் அதே இரண்டு மணி நேரத்தில்தான். கர்ப்பிணிகள் விவரத்தைப் பதியும் அரசு இணையதளமான பிக்மியில் ஏற்ற வேண்டிய கம்ப்யூட்டரோ வராண்டாவின் அந்தக் கோடியில். பிரசவ விவரம் ஏறாவிட்டால் அந்தப் பெண்ணுக்கு முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகைத் தவணை தள்ளிப்போகும், அதனால் அதையும் விட முடியாது. ரிஜிஸ்டரைக் கட்டிலுக்கே கொண்டுவந்து, இடது கையை அவள் வயிற்றில் வைத்துக்கொண்டு வலது கையால் எழுதினேன். அந்தப் பக்கத்தில் ஒரு ரத்தக்கறை இருக்கும். கம்ப்யூட்டர் பக்கம் போனபோது மணி ஐந்து.

பார்மசிஸ்ட் கதை வேறு. அவர் எங்கள் நிலையத்துக்கு நியமிக்கப்பட்டவர்தான், சம்பளமும் எங்கள் கணக்கில்தான். ஆனால் இரண்டு வருஷமாக டெபுடேஷனில் வேறு இடத்தில் இருந்தார். மாத்திரை கொடுப்பது, ஸ்டாக் பார்ப்பது, மருந்து கேட்டு இண்டென்ட் போடுவது எல்லாம் எங்கள் தலையில். மனுஷர் மேல் எனக்குக் கோபமில்லை. அனுப்பிய இடத்திலும் ஆள் பற்றாக்குறைதான்.

மாதாமாதம் காலிப் பணியிட அறிக்கையை நிரப்புவதும் நான்தான். பார்மசிஸ்ட்: அனுமதிக்கப்பட்டது 1, பணியில் 1, காலி 0. ஒரு மாதம் பொறுக்க முடியாமல் ஓரத்தில் பென்சிலால் "ஆள் இங்கே இல்லை" என்று எழுதி அனுப்பினேன். மறுநாளே போன் வந்தது. "சிஸ்டர், ஃபார்மேட்டில் இல்லாததையெல்லாம் எழுதாதீங்க. வேற போட்டு அனுப்புங்க."

வெளியே மாத்திரைக்கு நாற்பது பேர் நின்றிருந்தார்கள். அவர்களை அனுப்பிவிட்டு, மூன்று மணிக்கு உட்கார்ந்து புதுப் படிவத்தில் 1, 1, 0 என்று எழுதினேன்.