பிராக் சீவிய சீவல்கள்

பிரேதப் பரிசோதனை அறிக்கையில் 'பிராக் நிலை 4' என்று இருந்தால் மூளை எவ்வளவு பாழ் என்று அதற்குப் பொருள் இல்லை. அந்த எண் இடத்தைச் சொல்கிறது: அல்சைமர் நோயில் நியூரான்களுக்குள் திரளும் டௌ புரத முடிச்சுகள் எதுவரை போய்ச் சேர்ந்திருக்கின்றன என்ற கணக்கு அது.

அதை வகுத்தவர் ஃபிராங்க்ஃபர்ட்டில் உடற்கூறியல் பேராசிரியராக இருந்த ஹைக்கோ பிராக். மனைவி ஏவா பிராக்குடன் 83 மூளைகளைப் பார்த்து 1991-ல் வெளியிட்டார். அதற்கு முன்பே மூளைப்புறணியின் எந்தப் பகுதி எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பல வருடம் எல்லை வரைந்தவர். நோய் முதலில் இறங்கும் இடம் டிரான்ஸ்எண்டோரைனல் என்கிற ஒரு குறுகிய பட்டை. வரைபடம் கையில் இல்லாதவர் கண்ணில் அது பட்டிருக்காது.

அவர் கண்ணில் பட்டதற்கு இன்னொரு காரணம் சீவலின் தடிமன். திசுவை மெழுகில் பதித்து வெட்டும் வழக்கமான பாரஃபின் சீவல் 5 முதல் 10 மைக்ரான். அதில் ஒரு நியூரானின் துண்டுதான் கிடைக்கும். பிராக் சீவியது 100 மைக்ரான். செல் முழுசாக, கிளைகளோடு தெரியும். ஆனால் கண்ணாடியில் ஒட்டி நிறமேற்ற முடியாது, தட்டில் மிதக்கவிட்டே செய்ய வேண்டும். கிழியும், சுருளும்.

நிறமேற்றியது ஹங்கேரியரான காலியாஸின் வெள்ளி முறையில். பழைய கறுப்பு வெள்ளை ஃபோட்டோ கழுவுகிற வேலைதான். மெல்லிய சீவலுக்கு இப்படி: 5% பெர்அயோடிக் அமிலத்தில் 5 நிமிடம், காரமான வெள்ளி அயோடைடில் 1 நிமிடம், 0.5% அசிட்டிக் அமிலத்தில் அலசல், பிறகு டெவலப்பர். முடிச்சு கறுத்ததும் மறுபடி அசிட்டிக் அமிலத்தில் நிறுத்தி, 0.1% தங்கக் குளோரைடு, 1% தயோசல்பேட். தடித்த சீவலுக்கு நேரம் கூடும். சொதப்புவது பெரும்பாலும் டெவலப்பரில். அது மூன்று கரைசல்களின் கலவை: சோடியம் கார்பனேட் கரைசலைக் கலக்கிக்கொண்டே மற்ற இரண்டையும் வரிசையாக ஊற்ற வேண்டும். கலங்கி, பிறகு தெளியும். தெளியாவிட்டால் கொட்டிவிடுங்கள். அழுக்குக் கண்ணாடிப் பாத்திரமும் உலோக இடுக்கியும் வெள்ளியைத் தம் பக்கம் இழுத்துக்கொள்ளும், பின்னணி முழுக்கக் கரும்புள்ளி.

நிலை 1, 2-ல் முடிச்சுகள் ஏறக்குறைய அந்தப் பட்டையிலேயே நிற்கும். 3, 4-ல் பக்கத்திலிருக்கும் எண்டோரைனல் பகுதியும் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸும் நன்றாகச் சிக்கும். 5-ல் புறணியின் இணைப்புப் பகுதிகள். 6-ல் முதன்மைப் பார்வைப் பகுதி வரை. 2012 முதல் அறிக்கைகளில் வரும் பி மதிப்பெண் இதன் சுருக்கம்: 1-2க்கு பி1, 3-4க்கு பி2, 5-6க்கு பி3. அல்சைமரில் நியூரான்களுக்கு வெளியே படியும் இன்னொரு புரதமான அமிலாய்டு இதற்கு நேர்மாறு, புறணியில் தொடங்கி உள்ளே இறங்கும். அதற்குத் தால் வகுத்த தனிக் கணக்கு உண்டு, இரண்டையும் குழப்பக்கூடாது.

2006-ல் பிராக் குழு சாதாரண பாரஃபின் சீவலுக்கும் டௌவில் ஒட்டிக்கொள்ளும் ஏடி8 ஆன்டிபாடிக்கும் நிலைகளை மாற்றி எழுதியது. எல்லா லேபிலும் செய்யலாம் என்பது லாபம். ஆனால் இரண்டு நிறமும் ஒரே பொருளைக் காட்டுவதில்லை. முடிச்சாக முறுக்கேறும் முன்பே டௌவை ஏடி8 பிடித்துவிடும்; செல் செத்தபின் மிஞ்சும் 'பேய் முடிச்சை' பெரும்பாலும் தவறவிடும். வெள்ளிக்கு அது தலைகீழ். ஆகவே எந்த நிறம் என்று போடாத அறிக்கை பாதி அறிக்கை.

2011-ல், உல்ம் நகரில் இருந்தபோது, 1 முதல் 100 வயது வரை 2332 மூளைகளைப் பார்த்தார்கள். ஏடி8-க்கு எதுவுமே பிடிக்காதவை 10 மட்டும். மூளைத்தண்டின் லோகஸ் செருலியஸில் இளவயதிலேயே டௌ தென்பட்டது. அதெல்லாம் அல்சைமர்தானா, வெறும் வயதா என்ற சண்டை அதிலிருந்து சூடுபிடித்தது. 2014-ல் இன்னொரு குழு அமிலாய்டு இல்லாத முதுமை டௌவுக்கு 'பார்ட்' என்று தனிப் பெயரே வைத்தது.

நிலைகள் ஒருவரையே வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்து வந்தவை அல்ல. வெவ்வேறு பிணங்களை வரிசைப்படுத்திக் கோத்தவை. ஹிப்போகேம்பஸை ஓரளவு விட்டுவைத்துப் புறணியைத் தாக்கும் அல்சைமரும் உண்டு, அது இந்த ஏணியில் சரியாக உட்காராது. நிலை உயர்ந்தும் தெளிவாகப் பேசியவர்கள் இருந்திருக்கிறார்கள்.

திசு எடுப்பவருக்கு: அன்கஸ் (ஹிப்போகேம்பஸின் முன்பக்கக் கொக்கி போன்ற வளைவு) மட்டத்தில் வெட்டும்போது பக்கத்துப் பள்ளத்தின் சுவரையும் சேர்த்து எடுங்கள். டிரான்ஸ்எண்டோரைனல் பட்டை அந்தச் சுவரில்தான் இருக்கிறது. ஹிப்போகேம்பஸை மட்டும் அழகாக வெட்டி அனுப்பினால் நிலை 1 சுழியமாகப் பதிவாகிவிடும்.