பி-வேல்யூ பாத்துட்டு ஃபைலை மூடிடாதீங்க

ரெண்டு நாளா 1910ல இயற்பியலாளர்கள் ரூதர்ஃபோர்டும் கைகரும் எண்ணின ஆல்ஃபா துகள் (கதிரியக்கப் பொருள்ல இருந்து தெறிச்சு வர்ற துகள்) டேட்டாவை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். பொலோனியத்துல இருந்து வர்ற துகள் திரையில பட்டு மினுக்குறதை கண்ணால பாத்து எண்ணியிருக்காங்க, ஏழரை செகண்டு ஒரு இடைவெளி, மொத்தம் 2608 இடைவெளி. ஒரு இடைவெளிக்கு சராசரி 3.87 துகள். இதுக்கு பாய்ஸான் மாடல் (ஒண்ணோட ஒண்ணு தொடர்பில்லாம, ஒரே சராசரி வேகத்துல நடக்குறது எத்தனை தடவை நடக்கும்னு சொல்ற கணக்கு) பொருந்துதான்னு பாக்கணும், அவ்வளவுதான் வேலை.

முதல்ல 0, 1, 2ன்னு 14 வரைக்கும் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் தனித்தனி கட்டம் போட்டு கை-ஸ்கொயர் டெஸ்ட் (ஒவ்வொரு கட்டத்துலயும் வந்ததுக்கும் மாடல் எதிர்பாக்குறதுக்கும் உள்ள வித்தியாசத்தை ஸ்கொயர் பண்ணி, எதிர்பாக்குறதால வகுத்து, எல்லாத்தையும் கூட்டுறது) போட்டேன், அங்கேயே மாட்டிக்கிட்டேன். 14 துகள் வந்த இடைவெளி ஒண்ணே ஒண்ணுதான், ஆனா மாடல் அங்க எதிர்பாக்குறது வெறும் 0.1. வித்தியாசத்தை ஸ்கொயர் பண்ணி 0.1ஆல வகுத்தா அந்த ஒரே ஒரு இடைவெளி மட்டும் 7க்கு மேல கூட்டிடுது! 2608ல ஒண்ணு மொத்த டெஸ்டையும் இழுத்துட்டுப் போகுது. அதனாலதான் எதிர்பாக்குற எண்ணிக்கை 5க்குக் கீழ போற வால் பகுதியை ஒண்ணா சேர்க்கச் சொல்றாங்க. 10ம் அதுக்கு மேலயும் வந்ததைச் சேர்த்தா 16 இடைவெளி, மாடல் சொல்றது 17. இப்ப சரியா இருக்கு.

சேர்த்த பிறகு மிச்சம் 11 கட்டம், கை-ஸ்கொயர் 12.9. டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம், அதாவது சுதந்திரமா மாறக்கூடிய கட்டங்களோட எண்ணிக்கை, 10 இல்ல, 9. மொத்தத்துக்கு ஒண்ணு கழியும், சராசரியை இதே டேட்டாவுல இருந்து எடுத்ததால இன்னொண்ணும் கழியும். பைத்தான்ல ஸைபைங்கற கணக்கு லைப்ரரியோட கைஸ்கொயர் ஃபங்ஷனுக்கு இது தானா தெரியாது, டிடாஃப் (ddof, கூடுதலா கழிக்கவேண்டிய எண்ணிக்கை) 1ன்னு நாமதான் குடுக்கணும். குடுக்கலன்னா பி-வேல்யூ (மாடல் சரின்னா இவ்வளவோ இதுக்கு மேலயோ வித்தியாசம் தற்செயலா வர்ற வாய்ப்பு) 0.17க்கு பதிலா 0.23ன்னு வரும், மாடல் நிஜத்தை விட நல்லா பொருந்துற மாதிரி காட்டும். பியர்சன் 1900ல இந்த டெஸ்டை கொண்டு வந்தப்ப இந்த கழிவு சரியா இல்ல, அதை ஃபிஷர் 1922ல திருத்தினார், அப்படியிருக்க நாம தவறவிடுறதுல ஆச்சரியம் இல்ல.

0.17ன்னா மாடலை நிராகரிக்க வழியில்ல, நெறைய பேர் இங்கேயே நிறுத்திடுவாங்க. தயவுசெஞ்சு நிறுத்தாதீங்க. ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு சேர்த்துச்சுன்னு தனியா பாருங்க. 12.9ல 7.7 ஒரே கட்டத்துல இருந்து வருது: 8 துகள் வந்த இடைவெளி 68 இருக்கணும்னு மாடல் சொல்லுது, இருந்தது 45. பியர்சன் ரெசிஜுவல் (வித்தியாசத்தை, எதிர்பாத்ததோட வர்க்கமூலத்தால வகுத்தது) மைனஸ் 2.8. இன்னொரு பக்கம் 4, 5, 6 மூணுமே எதிர்பாத்ததை விட கூட, அதாவது நடுவுல கனம், ஓரத்துல மெலிவு.

அப்ப வேரியன்ஸ் (எண்ணிக்கை சராசரியில இருந்து எவ்வளவு சிதறுதுங்கற அளவு) குறையணுமே, போட்டுப் பாத்தேன், 3.70. பாய்ஸான்ல அது சராசரிக்கு சமமா இருக்கணும், இங்க வகுத்தா 0.95 வருது. ஒரு மினுக்கை எண்ணின கையோட அடுத்ததைத் தவறவிட்டா வேரியன்ஸ் இப்படித்தான் சுருங்கும், ஆனா 2608 இடைவெளிக்கு இது ஒன்றரை ஸ்டாண்டர்ட் எரரை (தற்செயலா வழக்கமா வர்ற ஏற்ற இறக்கத்தோட அளவு) விட சித்த கூட, அவ்வளவுதான், தற்செயலாவும் நடக்கலாம். அதனால நான் பாய்ஸானையே வெச்சுக்கிட்டேன், கூடவே கட்டம்வாரியா ரெசிஜுவல் படத்தையும் ரிப்போர்ட்ல போட்டுட்டேன், அந்த 8ஆம் கட்டம் அதுல தனியா கீழ தொங்குது.