ஆட்ரி ஹெப்பர்னைத் தேடிப்போய் அபராதம் கட்டிய கதை

முதலில் பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எரிச்சல் இன்னும் ஆறவில்லை. ஜெனீவாவில் விடுதியில் தங்குகிறவர்களுக்குப் பேருந்திலும் டிராமிலும் இலவசமாகப் போய்வர ஓர் அட்டை தருகிறார்கள். அந்த அட்டை பையில் இருந்த தைரியத்தில், ஏரியை ஒட்டிச் செல்லும் ரயிலில் ஏறி மோர்ஜ் வரை போய்விடலாம் என்று நான் நினைத்தது முழுக்க முழுக்க என் தவறுதான். அட்டையின் செல்வாக்கு ஜெனீவா மாநில எல்லையோடு முடிந்துவிடுகிறது. மோர்ஜ் இருப்பதோ பக்கத்து மாநிலமான வோவில். பரிசோதகர் மிகுந்த மரியாதையோடு நீட்டிய அபராதச் சீட்டு, மூன்று நாள் சாப்பாட்டுக்கு நான் ஒதுக்கி வைத்திருந்த பணத்தை ஒரே வாயில் விழுங்கிவிட்டது. ஒரு பிராங்க்கை நூறு ரூபாயாக மாற்றிப் பார்க்கும் பழக்கத்தை விட்டால்தான் இந்த நாட்டில் நிம்மதியாக நடமாட முடியும் என்று நண்பர்கள் சொல்லித்தான் அனுப்பினார்கள். என்னால் முடியவில்லை.

மோர்ஜிலிருந்து, நான் தேடிப்போன கிராமமான டொலோஷெனா இரண்டு கிலோமீட்டர்தான் இருக்கும். அன்று ஞாயிற்றுக்கிழமை, அடுத்த பேருந்துக்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும் என்று நிறுத்தத்தில் ஒட்டியிருந்த தாள் சொல்லியது, தூறல் வேறு. ஒரு டாக்சியில் ஏறினேன். நான் 'டோலோசெனாஸ்' என்று எழுத்துக் கூட்டிச் சொன்னதைக் கேட்டு ஓட்டுநர் சிரித்தார். கடைசி எழுத்தை உச்சரிக்கக் கூடாதாம். அந்தப் பாடத்துக்கும் கட்டணம் வாங்கினாரோ என்னவோ, ஊரை ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிட்டு 26 பிராங்க் கேட்டார். திரும்பி வரும்போது அதே தூரத்தை அரை மணி நேரத்தில் நடந்தே கடந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

இத்தனையும் எதற்காக என்றால், உலகமே அறிந்த நடிகை ஆட்ரி ஹெப்பர்ன் தன் வாழ்வின் கடைசி முப்பது ஆண்டுகளுக்குத் தன் வீடாகக் கொண்டிருந்த கிராமத்தைப் பார்ப்பதற்காக. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் அந்த ஊரில் 'லா பெய்சீப்லு' என்னும் பழைய பண்ணை வீடு உயரமான மதிலுக்குப் பின்னால் நிற்கிறது. அமைதியானது என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். இப்போது அது வேறொருவரின் சொந்த வீடு என்பதால் வெளியே நின்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பழைய பள்ளிக்கூடத்தில் அவருக்கென்று சில ஆண்டுகள் ஓர் அருங்காட்சியகம் இருந்தது, அதையும் மூடிவிட்டார்கள். சிறு சதுக்கம் ஒன்றில் மார்பளவுச் சிலை இருக்கிறது. நம் ஊராக இருந்தால் இந்நேரம் 'ஹெப்பர்ன் டீ ஸ்டால்' வந்திருக்கும் என்று முதலில் குறைப்பட்டுக்கொண்டேன். யாரும் தன்னைத் துரத்தாத இடம் வேண்டும் என்றுதானே அவர் இங்கே வந்தார் என்று பிறகு நினைத்துக்கொண்டேன்.

அவர் பிறந்தது 1929 மே 4 அன்று, பிரசல்சின் இக்ஸெல் பகுதியில். தாய் டச்சுப் பிரபு குடும்பத்தைச் சேர்ந்தவர். பிரிட்டிஷ் குடிமகனான தந்தை, மகளுக்கு ஆறு வயதானபோது வீட்டைவிட்டுப் போய்விட்டார். போர் மூண்டதும், நெதர்லாந்து நடுநிலை நாடு, பாதுகாப்பாக இருக்கும் என்று நம்பி, இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த மகளைத் தாய் ஆர்னெமுக்கு அழைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டே ஜெர்மானியப் படை உள்ளே வந்தது. 1942இல் அவருடைய பெரியம்மாவின் கணவரைப் பிணைக்கைதியாகப் பிடித்துச் சுட்டுக் கொன்றார்கள். 1944ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய பஞ்சக் குளிர்காலத்தில் மக்கள் சர்க்கரை எடுக்கப் பயன்படும் பீட் கிழங்கையும், துலிப் பூச்செடியின் கிழங்கையும் தின்று உயிர்பிழைத்தார்கள். பதினைந்து வயதுச் சிறுமியான ஆட்ரியும் அவர்களில் ஒருவர். இரத்தசோகையும் கால் வீக்கமும் வந்து, நடமாடவே சிரமப்பட்டார். போர் முடிந்த பின் ஒரு படைவீரர் கொடுத்த சாக்லேட்டுகள் அனைத்தையும் ஒரே மூச்சில் தின்று வாந்தி எடுத்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு, அவருடைய மெல்லிய இடையை அழகின் இலக்கணமாகப் புகழும் ஃபேஷன் பத்திரிகைகளை என்னால் பொறுமையோடு படிக்க முடிவதில்லை. அந்த மெலிவில் ஒரு பங்கு பஞ்சம் கொடுத்தது. பாலே நடனத்தில் முதன்மைக் கலைஞராகும் கனவைக் கலைத்ததும், உயரத்தோடு சேர்ந்து, அந்தப் பலவீனம்தான்.

நடனம் கைவிட்டதால் லண்டன் மேடைகளில் கூட்டத்தோடு ஆடும் பெண்ணாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தவரை, 1951இல் மான்டி கார்லோவில் எழுத்தாளர் கோலெத் பார்த்து, தன் கதையின் நாடக வடிவமான 'ஜீஜீ'க்கு இவள்தான் நாயகி என்று முடிவு செய்தார். 'ரோமன் ஹாலிடே' 1953இல் வந்தது. முன்னணி நாயகனாக இருந்த கிரிகரி பெக், அந்தப் புதுமுகத்தின் பெயரைத் தன் பெயருக்குச் சமமாகப் போட வேண்டும் என்று கேட்டு வாங்கிக் கொடுத்தார். அவர் கணிப்பு பொய்க்கவில்லை. 1954இல் ஆஸ்கரும், 'ஆன்டின்' நாடகத்துக்காக டோனி விருதும் ஒரே வாரத்துக்குள் ஆட்ரியின் கைக்கு வந்தன.

என்னைக் கேட்டால் அவருடைய சிறந்த நடிப்பு 1959இல் வந்த 'தி நன்ஸ் ஸ்டோரி'யில்தான் இருக்கிறது. கன்னியாஸ்திரியின் உடைக்குள் முகம் மட்டுமே தெரிய, கண்களை வைத்துக்கொண்டே முழுப் படத்தையும் தூக்கி நிறுத்துகிறார். சுவரொட்டிகளில் ஒட்டி ஒட்டித் தேய்ந்துபோன 'பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனீஸ்' அதன் பக்கத்தில் கூட நிற்காது. 'மை ஃபேர் லேடி'யைப் பற்றியோ பேசாமலிருப்பதே நல்லது: பெரும்பாலான பாடல்களுக்கு மார்னி நிக்சன் குரல் கொடுத்தார்; மேடையில் அதே வேடத்தைச் செய்தும் படத்தில் இடம் கிடைக்காத ஜூலி ஆண்ட்ரூஸ் வேறொரு படத்துக்காக அந்த ஆண்டு ஆஸ்கரைத் தட்டிச் சென்றார். ஆட்ரிக்குப் பரிந்துரை கூடக் கிடைக்கவில்லை. 1967க்குப் பிறகு அவர் குடும்பத்துக்காகத் திரைப்படங்களை விட்டு ஒதுங்கிவிட்டார். அடுத்த படம் வர ஒன்பது ஆண்டுகள் ஆயின.

கல்லறைத் தோட்டம் ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் இருக்கிறது. அவருடைய கல்லறையைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. ஆடம்பரமாக ஏதாவது இருக்கும் என்று தேடியதுதான் காரணம். எளிய சிலுவை, பெயர், 1929, 1993, அவ்வளவுதான். யாரோ வைத்துவிட்டுப் போன ரோஜாவின் மேல் கண்ணாடித் தாள் சுற்றியிருந்தது. மழைத்துளிகள் அதற்குள் இறங்கிக் குட்டைபோல் தேங்கியிருந்தன. குனிந்து தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி வைத்தேன்.

யூனிசெப்பின் நல்லெண்ணத் தூதராக அவர் எத்தியோப்பியாவுக்குப் போனது 1988இல். போருக்குப் பின் தனக்குக் கிடைத்த நிவாரண உணவை மறக்கவில்லை என்பதுதான் அதற்கு அவர் சொன்ன காரணம். 1992 செப்டம்பரில் சோமாலியாவின் பஞ்ச முகாம்களைப் பார்த்துவிட்டு வந்தபோதே வயிற்றுவலி இருந்தது. அது புற்றுநோய் என்று நவம்பரில் தெரிந்தது. கடைசி கிறிஸ்துமசை இந்த வீட்டில் கழிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவரை லாஸ் ஏஞ்சல்சிலிருந்து அழைத்து வர, அவருடைய உடைகளை ஆண்டுக்கணக்கில் வடிவமைத்த நண்பர் ழிவான்ஷி தனி விமானம் ஏற்பாடு செய்தார். 1993 ஜனவரி 20 அன்று, 63ஆவது வயதில், அந்த மதிலுக்கு உள்ளேதான் இறந்தார்.

நடந்து மோர்ஜ் திரும்பியபோது மழை விட்டிருந்தது. ஏப்ரல் மாதம் என்பதால் ஏரிக்கரைப் பூங்காவில் துலிப் திருவிழா. நுழைவுக் கட்டணம் இல்லை என்றதும் முதல் ஆளாக உள்ளே போனேன். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பூக்கள் பாத்தி பாத்தியாக நின்றன. எல்லாரும் பூக்களைப் படமெடுத்துக்கொண்டிருக்க, நான் ஒரு பாத்தியின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். மழையில் மண் கரைந்து, ஒரு செடியின் கிழங்கு பாதி வெளியே தெரிந்தது. சின்ன வெங்காயத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அதே பழுப்புத் தோல், ஒரு பக்கம் உரிந்து வெள்ளையாக. கையால் மண்ணைத் தள்ளி அதை மூடிவிட்டு, ரயில் நிலையத்துக்குப் போய் முழுக் கட்டணத்தில் பயணச்சீட்டு வாங்கினேன்.