கோபியும் பிஸ்டல் இறாலும் ஜோடி சேர்ந்தாச்சு!

என் கடல்நீர் மீன்தொட்டியில் மஞ்சள் வாட்ச்மேன் கோபி என்ற சின்ன மீனும், கொடுக்கைச் சொடுக்கிச் சத்தம் எழுப்பும் பிஸ்டல் இறாலும் ஒருவழியாக ஒரே வளையில் குடியேறிவிட்டன. இறால் வளை தோண்டும், கோபி காவல் காக்கும். இன்று காலை விளக்கு எரிந்ததும் பார்த்தால், இறால் மணலை வாரி வாரி வாசலில் தள்ளுகிறது. அதன் மீசை ஒன்று கோபியின் மேலேயே இருக்கிறது. நான் கண்ணாடியை நெருங்கியதும் எச்சரிக்கையாகக் கோபி வாலைச் சட்டென்று உதறியது, இறால் உள்ளே போய்விட்டது. இதைப் பார்க்கத்தான் இந்த 2 அடித் தொட்டியையே வைத்தேன்.

இறாலுக்குப் பார்வை மட்டம். அதனால் கோபிக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் விடவேண்டும். முதலில் கோபியை விட்டு, அது ஒரு பாறையடியைப் பிடிக்கும்வரை காத்திருந்தேன். அப்புறம்தான் இறாலை வாங்கினேன். சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரைக் கலந்து பழக்கியபின், பிளாஸ்டிக் குழாய் ஒன்றைக் கோபியின் வாசல்வரை இறக்கி, அதன் வழியே விட்டேன். அந்த மகராசன் நேரே எதிர்மூலைக்குப் போய்விட்டான்! ராத்திரியில் கொடுக்குச் சொடுக்கும் 'டக்' சத்தம் மட்டும் கேட்கும், ஆளைக் காணோம். கடைசியில் அவன் தோண்டிய சுரங்கமே பாறைக்கு அடியில் நீண்டு கோபியின் வளையில் போய் முட்டியது.

மணல் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. வெறும் நைஸ் மணலில் சுரங்கம் நிற்காது, சரிந்துவிடும். உடைந்த சிப்பி, பொடிக்கல் எல்லாம் கலந்து 3 அங்குலம் போட்டிருக்கிறேன். பாறைகள் மணல்மேல் இல்லை, அடிக்கண்ணாடியிலேயே உட்கார்ந்திருக்கின்றன. இல்லாவிட்டால் இறால் தோண்டுகிற வேகத்துக்குப் பாறை சரிந்து மீனை நசுக்கிவிடும்.

கூட இருப்பவை ஒசெல்லாரிஸ் க்ளவுன் மீன் ஜோடி, நசாரியஸ் நத்தைகள், க்ளீனர் இறால் ஒன்று. சிக்ஸ்லைன் ராஸ் மீன் அழகுதான், ஆனால் இவ்வளவு சின்னத் தொட்டியில் அது ரவுடி. ஹாக்ஃபிஷ்ஷுக்கு இறால் என்றால் தீனி. கடையில் ஒருவர் மூன்று புள்ளி டாம்சலை "சாது மீன் சார்" என்று தலையில் கட்டப் பார்த்தார். நகமளவு இருக்கும்போது எல்லாம் சாதுதான்! வளர்ந்தால் ஒருவரையும் நிம்மதியாக இருக்க விடாது. வெள்ளைப்புள்ளி நோய்க்கென்று செம்பு மருந்தை இந்தத் தொட்டியில் ஊற்றச் சொல்கிறவர்களையும் நம்பாதீர்கள். மீன் பிழைக்கும், இறாலும் நத்தையும் செத்துப்போகும்.

சென்னையில் வளர்ப்பு மீன் கடைகள் நிறைந்த கோலத்தூரில் நல்ல தண்ணீர் மீனுக்குப் பஞ்சமில்லை, கடல் மீனுக்குத்தான் அலையவேண்டியிருக்கிறது. கல்பவளம் வைக்கவில்லை. 2001-இல் அதை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது உச்சப் பாதுகாப்புப் பட்டியலில், சேர்த்தார்கள், கடல் குதிரையையும் அப்படித்தான். யாராவது மலிவாகத் தந்தாலும் தொடாதீர்கள்.

அடுத்து ஒரு ஃபயர்ஃபிஷ் விட ஆசை. துள்ளி வெளியே விழும் மீன், அதனால் வலைமூடி தைத்துக்கொண்டிருக்கிறேன், பாதிதான் முடிந்தது. சென்னை வெயில் வேறு வருகிறது. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கும்வரை ஃபேன்தான். ஃபேன் ஓடினால் தண்ணீர் வற்றி உப்பு ஏறும், தினமும் உப்பில்லாத ஆர்ஓ தண்ணீர் ஊற்றி, உப்பின் அளவைக் காட்டும் ஒப்படர்த்தியை 1.025-இல் நிறுத்தவேண்டும்.