முதல் மூணு மாசம் கிலோவை விடுங்க, ரவுண்டை எண்ணுங்க

வடசென்னையில் வியாசர்பாடியோ ராயபுரமோ, பாக்ஸிங் கிளாஸில் புதிதாகச் சேர வருகிறவர் முதலில் கேட்பது, "மாஸ்டர், எத்தினி நாள்ல தொப்ப குறையும்?" பதில் பெரும்பாலும் "மொதல்ல ஒழுங்கா வாப்பா, அப்பால பாக்கலாம்" என்று வரும். தட்டிக்கழிப்பதுபோல இருந்தாலும் சரியான பதில்தான். சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று பரம்பரைப் பேர் சொல்லிக் குத்துச்சண்டை போட்ட வட்டாரம் இது. ஆனால் உடம்பைத் தேற்ற முப்பது, நாற்பது வயதில் வருகிறவருக்கு மேடை ஏறுகிறவனின் அளவுகோல் பொருந்தாது. எடை மெஷினும் உதவாது. மூச்சும் கையும் கெடாமல் எத்தனை ரவுண்டு தாங்குகிறது என்பதை வைத்து இலக்கு போட்டால் மூன்று மாதத்தில் கண்ணுக்குத் தெரிகிற முன்னேற்றம் இருக்கும்.

கிலோ கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்து ஓரமாக வைத்துவிடலாம். 70 கிலோ எடையுள்ளவர் பேக்கை, அதாவது தொங்கவிட்ட குத்துப் பையை, ஒரு மணி நேரம் விடாமல் குத்தினால் சுமார் 385 கலோரி செலவாகும். எந்தப் புது ஆளாலும் அப்படிக் குத்த முடியாது. வார்ம் அப், கையில் பேண்டேஜ் துணி சுற்றுவது, மாஸ்டர் காட்டுவதைப் பார்ப்பது, மூச்சு வாங்க நிற்பது எல்லாம் போக ஒரு மணி நேரக் கிளாஸில் நிஜமான உழைப்பு அரை மணிதான். மீதி அரை மணியின் லேசான அசைவுக்கு ஆகும் செலவையும் சேர்த்து, வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும் 70 கலோரியைக் கழித்தால், ஒரு கிளாஸால் கூடுதலாகக் கரைவது 200 சொச்சம். வாரம் 3 கிளாஸ் வீதம் 12 வாரத்துக்கு ஏறக்குறைய 7,500. ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. ஆக, சாப்பாட்டில் கை வைக்காமல் மூன்று மாதம் ஒழுங்காகப் போனால் குறைவது ஒரே ஒரு கிலோ! திரும்பி வருகிற வழியில் பர்மாக் கடையில் ஒரு தட்டு அத்தோவும் பேஜோவும் உள்ளே போனால் அதுவும் கிடையாது.

எடை குறைய வேண்டும் என்றால் அந்த வேலை சாப்பாட்டுத் தட்டில் நடக்க வேண்டும். வாரத்துக்கு அரைக் கிலோ நியாயமான வேகம். கிளாஸ் முடிந்த கையோடு மெஷினில் ஏறி "ஒரு கிலோ போச்சு" என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. போனது ஒரு லிட்டர் வியர்வை. அதை மோராகவோ, உப்புப் போட்ட நீராகாரமாகவோ அன்றைக்கே உடம்புக்குத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். பிளாஸ்டிக் கோட்டு போட்டுக்கொண்டு ஸ்கிப்பிங் ஆடுவது, நம் கடலோரப் புழுக்கத்தில் மயங்கி விழுவதற்கான ஏற்பாடு.

இனி ரவுண்டு. பெரியவர்கள் அமெச்சூர் போட்டியில் ஆடுவது 3 நிமிட ரவுண்டு மூன்று, நடுவில் 1 நிமிட ஓய்வு. புதியவர் 2 நிமிடத்தில் தொடங்கலாம். முதல் இரண்டு வாரம் பேக் பக்கமே போக வேண்டாம். ஸ்டான்ஸில் நிற்பது, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்வது, முன்னால் இருக்கும் கையால் நேராகக் குத்தும் ஜாப், பின்னால் இருக்கும் கையால் குத்தும் கிராஸ், அவ்வளவுதான். எதிரே ஆள் இருப்பதாக நினைத்து வெறும் காற்றில் குத்தும் ஷேடோ 2 நிமிடமாக 3 ரவுண்டு, ஸ்கிப்பிங் 30 நொடி ஆட்டம் 30 நொடி ஓய்வு என்று 6 தடவை. மூன்றாவது, நான்காவது வாரத்தில் அத்துடன் பேக்கில் 2 ரவுண்டு, பாதி பலத்தில். ஐந்திலிருந்து எட்டாவது வாரம் வரை பேக் 4 ரவுண்டு, நேரம் அதே 2 நிமிடம். ஒன்பதாவது வாரத்தில்தான் ரவுண்டை 3 நிமிடமாக நீட்ட வேண்டும். அப்போது எண்ணிக்கையை 3 ஆகக் குறைத்துக்கொள்ளலாம். பன்னிரண்டாவது வாரக் கடைசியில் பரீட்சை: ஷேடோ 3, பேக் 3, ஆக ஆறு ரவுண்டு, ஒவ்வொன்றும் 3 நிமிடம், இடையில் 1 நிமிட ஓய்வு. ஆறாவது ரவுண்டின் கடைசி 30 நொடியில் இரண்டு கையும் கன்னத்தோடு இருந்தால் பாஸ். கை நெஞ்சுக்கு இறங்கிவிட்டால் இன்னும் இரண்டு வாரம் அதே அளவில் ஓட்ட வேண்டும். முகத்தைக் காக்கும் கை, அதாவது கார்டு, இறங்குவதை அலட்சியம் என்று நினைத்து மாஸ்டர்கள் திட்டுவார்கள். பாதி நேரம் அது தோள்பட்டை அயர்ந்து போவதால் வருவது, திட்டினால் சரியாகாது.

இவ்வளவு மெதுவாகவா என்று தோன்றும். காரணம் இருக்கிறது. மூச்சு மூன்று நான்கு வாரத்தில் பழகிவிடும். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்கள் பலப்பட மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் ஒரு மாதம் தாண்டும் நேரத்தில் காயம் வருகிறது. மூச்சு தாங்குகிறதே என்ற தைரியத்தில் குத்தின் வேகத்தைக் கூட்டுவார்கள், மணிக்கட்டு கைவிட்டுவிடும். அப்புறம் இரண்டு வாரம் ஓய்வு, அது ஆறு வாரமாகி, கட்டிய பீஸ் கட்டியபடியே போய்விடும்.

கைக்கு வரும் காயத்தில் பெரும்பகுதி இரண்டு தப்பால் வருகிறது. குத்து விழும்போது மணிக்கட்டு மடங்குவது ஒன்று. ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டியில் விழ வேண்டிய குத்து மோதிர விரல், சுண்டுவிரல் பக்கம் விழுவது இன்னொன்று. இரண்டாவதில் சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கை எலும்பு உடையக்கூட வாய்ப்புண்டு. அதனால் பேண்டேஜ் சுற்றப் பழகுவதை முதல் மாத இலக்குகளில் ஒன்றாகவே வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர் கைக்கு 180 அங்குலம், அதாவது நாலரை மீட்டர் வேண்டும். விரல்களை அகல விரித்துக்கொண்டு சுற்ற வேண்டும்: கட்டைவிரலில் மாட்டி, மணிக்கட்டில் மூன்று சுற்று, முட்டியின் மேல் மூன்று சுற்று, விரல் இடுக்குகளில் ஒவ்வொன்றாக, மறுபடி கட்டைவிரலைச் சுற்றி, மீதி மணிக்கட்டுக்கு. விரலை மூடிக்கொண்டு சுற்றினால் குத்து மடக்கும்போது இறுகி, விரல் மரத்துப்போகும். பேக்குக்கு 12 அவுன்ஸ் கிளவுஸ் பெரும்பாலோருக்குப் போதும், உடம்பு கனமானவர்கள் 14 எடுக்கலாம். பெரியமேட்டில் நேரு ஸ்டேடியத்தைச் சுற்றியுள்ள கடைகளில் கையில் மாட்டிப் பார்த்து வாங்குங்கள், ஆனால் பேண்டேஜைச் சுற்றிக்கொண்டு மாட்டுங்கள். வெறுங்கைக்குக் கச்சிதமாக இருப்பது அதற்குமேல் நுழையாது. பேண்டேஜை அன்றன்றைக்குத் துவைக்க வேண்டும், கிளவுஸுக்குள் பேப்பரைச் சுருட்டி வைத்து நிழலில் காயப்போட வேண்டும். கிளாஸில் கிடக்கும் பொதுக் கிளவுஸை வெறுங்கையில் மாட்டாதீர்கள், படர்தாமரை ஒட்டிக்கொள்ளும்.

பேக்கையும் ஒருதரம் தடவிப் பாருங்கள். பழந்துணி அடைத்த பேக் நாளாக ஆக, உள்ளே இருப்பது கீழே இறங்கி அடிப்பகுதி கல்லாகிவிடும். அந்த இடத்தில் முழு பலத்தோடு பாடி ஷாட் (வயிற்று உயரக் குத்து) அடித்தால் மணிக்கட்டு போச்சு. மேலிருந்து பாதி வரை மட்டும் குத்துங்கள், அல்லது பேக்கைப் பிரித்து மறுபடி அடைக்கச் சொல்லுங்கள்.

ஸ்கிப்பிங் மொட்டைமாடியில் வேண்டாம். சிமெண்ட் தரையில் செருப்பில்லாமல் தினம் பத்து நிமிடம் குதித்தால் மூன்றாவது வாரம் கெண்டைக்கால் முன்னெலும்பு ஓரமாக வலி பிடிக்கும். மண் தரையிலோ மேட் விரிப்பிலோ, ஷூ போட்டுக்கொண்டு, தரையிலிருந்து ஒரு அங்குலம் மட்டும் எழும்பினால் போதும். கயிற்றின் நடுவை மிதித்து நின்றால் கைப்பிடி அக்குள் வரை வர வேண்டும். எந்த வலியைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதற்கு எளிய சோதனை: இரண்டு தொடையிலும், இரண்டு தோளிலும் பரவலாக வலித்து மூன்று நாளில் அடங்கினால் அது பயிற்சி வலி. ஒரே ஒரு எலும்பின் மேல், விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில் வலித்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

முன்னேற்றத்தை அளக்க வாட்ச் எல்லாம் வேண்டாம். கடைசி ரவுண்டு முடிந்ததும் 15 நொடி நாடித்துடிப்பை எண்ணி நாலால் பெருக்குங்கள். ஒரு நிமிடம் கழித்து மறுபடி எண்ணுங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை நோட்டில் எழுதி வையுங்கள். வாரம் போகப் போக அந்த வித்தியாசம் அதிகமானால் இதயம் தேறுகிறது என்று அர்த்தம். எடை ஒரு கிராம் குறையாத மாதத்திலும் இந்த எண் நகரும்.

எத்தனை நாள் போவது? வாரம் 3, இடையில் ஒரு நாள் விட்டு. உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்குச் சொல்வது வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் உழைப்பு, கூடவே இரண்டு நாள் தசைக்கான பயிற்சி. மூன்று கிளாஸும் மீதி நாளில் இரண்டு நடையும் அதற்குப் போதும். ஆறு நாளும் வருகிறேன் என்று சபதம் எடுப்பவர்தான் சீக்கிரம் காணாமல் போகிறார். துறைமுகத்திலும் மணலி கம்பெனிகளிலும் ஷிப்ட் மாறிமாறி வேலை பார்ப்பவர்கள் திங்கள், புதன், வெள்ளி என்று கிழமையைப் பிடித்துக்கொள்ளாமல், ஞாயிறுக்குள் மூன்று என்று எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளட்டும். நைட் ஷிப்ட் முடிந்த காலையில் பேக் வேண்டாம், ஷேடோ மூன்று ரவுண்டு போட்டுவிட்டுத் தூங்கலாம், அதுவும் கணக்கில் சேரும்.

தொடங்கும் மாதமும் முக்கியம். ஜனவரி, பிப்ரவரி நல்லது. அக்னி நட்சத்திரத்தில் ஆரம்பித்தால் உடம்பு வெக்கைக்குப் பழகவே இரண்டு வாரம் ஓடிவிடும். அப்போதுதான் ஆரம்பிக்க முடியும் என்றால் காலை ஐந்தரைக்குமேல் தாமதிக்காதீர்கள், ரவுண்டைப் பாதியாக்குங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை. திறந்த மைதானத்தில் நடக்கும் கிளாஸ் நாள்கணக்கில் நிற்கும், புளியந்தோப்புப் பக்கம் தெருவிலேயே தண்ணீர் நிற்கும். அந்த மாதங்களுக்கு வீட்டு ஹாலில் ஆறடி இடத்தில் செய்யக்கூடிய ஷேடோ, புஷ் அப், பிளாங்க் என்று ஒரு மாற்று முன்கூட்டியே இருக்கட்டும். ஓட்டத்துக்கு எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலை வேண்டவே வேண்டாம். கண்டெய்னர் லாரிப் புகையையும் தூசியையும் மூச்சு வாங்க வாங்க இழுப்பதில் ஒரு பலனும் இல்லை.

சர்க்கரை, பிரஷர், நெஞ்சு வலி எதுவும் இருந்தால், அல்லது நாற்பதைத் தாண்டிப் பல வருடம் உடம்பை அசைக்காமல் இருந்தவரானால், முதலில் டாக்டரைப் பாருங்கள். சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் கிளாஸுக்கு வரக்கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கும், பையில் கடலை மிட்டாயாவது இருக்க வேண்டும். பாக்ஸிங்குக்குப் பதிலாகச் சிலர் சேரும் கராத்தே, சிலம்பம் இரண்டும் பெரும்பாலும் வெறுங்காலில். கால் மரத்துப்போயிருக்கும் சர்க்கரை நோயாளிக்குச் சின்னக் கல் குத்துவதுகூடத் தெரியாது, புண்ணாகிவிடும். ஷூ போட அனுமதி கேளுங்கள், மறுத்தால் பாக்ஸிங்குக்கே வந்துவிடுங்கள்.

சிலம்பம் எடுப்பவர்களுக்கு ரவுண்டுக்குப் பதில் சுற்று. கம்பு புருவ உயரம் இருக்கட்டும். காலடி வரிசை பழகாமல் வேகமாகச் சுற்ற ஆசைப்பட்டு கம்பை இறுக்கிப் பிடித்தால் முழங்கையின் வெளிப்பக்கம் வலி வரும். மூன்று மாதத்தில் வலக்கை, இடக்கை இரண்டிலும் காலடியோடு ஒரு நிமிடம் நிற்காமல் சுற்றினால் நல்ல இலக்கு. கராத்தேயில் பெல்ட் ஒரு ஆசை காட்டும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை கிரேடிங் என்ற பெல்ட் தேர்வு, அதற்குத் தனி பீஸ். பெல்ட் உங்களுக்கு எந்த வரிசை மனப்பாடம் என்று சொல்லும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று சொல்லாது. இரண்டையும் தனித்தனியாகக் கணக்கு வையுங்கள்.

கடைசியாக ஸ்பேரிங், அதாவது இன்னொருவரோடு மோதிப் பழகுவது. உடம்புத் தேற்றத்துக்கு அது அவசியமே இல்லை. ஆறு ரவுண்டு பரீட்சை தேறிய பிறகு ஆசை இருந்தால், தலையில் அடி இல்லாமல் உடம்பில் மட்டும், 16 அவுன்ஸ் கிளவுஸும் பல் கார்டும் போட்டு, மாஸ்டர் பக்கத்தில் நிற்க, 2 நிமிடம் ஒரு ரவுண்டு. அடி பட்ட அன்று தலைவலி, வாந்தி, கண் மங்கல் வந்தால் உடனே ஆஸ்பத்திரி, அடுத்த கிளாஸ் டாக்டர் சொன்ன பிறகுதான். சேர்ந்த முதல் மாதமே புது ஆளை ரிங்குக்குள் தள்ளி "ரோசம் வரட்டும்" என்கிற இடமாக இருந்தால், அடுத்த மாதப் பீஸ் கட்டாமல் வேறு கிளாஸ் பாருங்கள்.