ட்ரீம் கேள்வித்தாளை வைத்து கற்றல் சூழலை ஆராயும் மாணவர்களுக்கு

கற்றல் சூழலை மருத்துவ மாணவர்கள் எப்படி உணர்கிறார்கள் என்று ஆய்வு செய்பவர்கள் பலரும் கையில் எடுப்பது ட்ரீம் (DREEM) கேள்வித்தாள். ஸ்காட்லாந்தின் டண்டீயில் உருவாகி 1997-இல் வெளிவந்தது. 50 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 0 (அறவே ஏற்கவில்லை) முதல் 4 (முழுமையாக ஏற்கிறேன்) வரை, மொத்தம் 200. நிரப்புவது சுலபம். மதிப்பெண் போடும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள்.

4, 8, 9, 17, 25, 35, 39, 48, 50 ஆகிய ஒன்பதும் எதிர்மறைக் கூற்றுகள். 'ஆசிரியர்கள் மாணவர்களைக் கேலி செய்கிறார்கள்' என்ற 8-ஐ முழுமையாக ஏற்பவருக்கு 0 தான். மூலத் தரவைத் தொடாமல் வைத்துவிட்டு, தனி ஷீட்டில் இந்த ஒன்பதுக்கு மட்டும் 4-இலிருந்து விடையைக் கழித்து (அதாவது திருப்பி) எழுதுங்கள்; ஒரே ஷீட்டில் செய்தால் இரண்டு முறை திருப்பிவிட வாய்ப்புண்டு. 'அரிதாகவே சலிப்படைகிறேன்' என்ற 14 எதிர்மறை போலத் தெரியும். அதைத் திருப்பக் கூடாது. விடை விட்டுப்போன இடத்தில் 0 போடவும் கூடாது. 0 என்றால் 'அறவே ஏற்கவில்லை' என்று பொருள்.

படிக்காமலே டிக் அடிப்பவர்களையும் பிடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் 'முழுமையாக ஏற்கிறேன்' போட்டவருக்கு, சரியாகத் திருப்பிய பிறகும் 164 வரும். 150-க்கு மேல் என்றால் 'மிகச் சிறப்பு'! நடுக்கட்டத்தையே நிரப்பியவருக்கு 100. அது 51–100, 'பிரச்சினைகள் நிறைய' என்ற வரம்பு. இரண்டுமே கருத்தல்ல. கற்பித்தல் மாணவர்மையமானது (13), மிகவும் ஆசிரியர்மையமானது (48) என்று இரண்டையும் ஒருவர் முழுமையாக ஏற்றிருந்தால் அந்தத் தாளை முழுதாகப் பாருங்கள். எந்தத் தாளை நீக்குவது என்ற விதியைத் தரவு கைக்கு வருமுன்பே எழுதிவையுங்கள்.

மொத்த மதிப்பெண்ணோடு நிறுத்துவது ஆய்வையே வீணாக்கும். சராசரி 130 வந்தால் 'குறையைவிட நிறை அதிகம்' என்று எழுதிவிட்டுப் போய்விடலாம்; அதற்குள்ளேயே மன அழுத்தத்தில் இருப்பவர்களுக்கு ஆதரவு உண்டா என்று கேட்கும் 3-ஆம் கூற்று 2-க்குக் கீழே கிடக்கலாம். பல நாட்டு ஆய்வுகளிலும் தாழ்ந்து வரும் கூற்று அது. சராசரி 2-ம் அதற்குக் கீழும் பிரச்சினை, 2-க்கும் 3-க்கும் இடையில் மேம்படுத்த வேண்டியது, 3.5-க்கு மேல் உண்மையான பலம். இந்தக் கூற்றுவாரிப் பட்டியல்தான் நிர்வாகத்துக்குப் பயன்படும்.

எத்திக்ஸ் கமிட்டி அனுமதி முதலில். இன்டர்னல் மதிப்பெண் போடும் ஆசிரியர் தாளைக் கொடுத்து வாங்கக் கூடாது. வாங்கினால், ஆசிரியர்கள் அதிகாரத்தோடு நடக்கிறார்கள் (9), வகுப்பில் கோபப்படுகிறார்கள் (39) போன்ற கூற்றுகளுக்கு நேர்மையான விடை வராது. பெயர் கேட்காவிட்டாலும் சின்ன பேட்ச்சில் வயது, பாலினம், விடுதி மூன்றையும் சேர்த்துக் கேட்டால் ஆளை அடையாளம் கண்டுவிடலாம். தேவையானதை மட்டும் கேளுங்கள்.